தலைக்காயமும் நஷ்ட ஈடும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பயிர், பாசனம், சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய முகாம்களில் நாம் பேசுவது வழக்கம். இன்று, சாலை விபத்தில் மூளையில் பலத்த காயம் அடைந்தவருக்குச் சட்டம் அளிக்கும் நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிராம வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது. ஒரு குடும்பம் கறவை மாடு வாங்கி, கிணற்றை ஆழப்படுத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பத்து ஆண்டுகளாக ஏறிய படிகளையெல்லாம், அக்குடும்பத்து உழைப்பாளியின் தலையில் விழும் ஓர் அடி ஒரே நாளில் இறக்கிவிடுகிறது. மாடு விற்கப்படுகிறது, நிலம் அடமானம் போகிறது, மூத்த பெண்ணின் படிப்பு நிற்கிறது. அக்குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம் சேர்ந்தால் இந்தச் சரிவு ஓரளவேனும் தடுக்கப்படும். அது சேர்வதும் சேராமற் போவதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நாட்களில் ஊரார் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவேதான் இதை உங்கள் முன் வைக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத ஊனம்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் மொழி. கால் ஒடிந்தவரை எல்லாரும் காண்கிறார்கள். அவர் ஊன்றுகோலைப் பார்த்தே அவர் நிலையை அறிந்துகொள்கிறார்கள். மூளையில் காயம்பட்டவர் நிலை அப்படிப்பட்டதன்று. தையல் ஆறிவிடும், மழித்த தலையில் முடி வளர்ந்துவிடும், அவர் எழுந்து நடமாடுவார், திண்ணையில் உட்கார்ந்து வருவோரைப் பார்த்துச் சிரிப்பார். "ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்" என்று ஊர் சொல்லும்.

ஆனால் வீட்டிலுள்ளவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பம்பு செட்டைப் போட்டுவிட்டு மறந்து போகிறார். கூலிக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. முன்பு சாதுவாக இருந்தவர் இப்போது சிறு சொல்லுக்கும் சீறுகிறார். எப்போது வலிப்பு வருமென்று தெரியாததால் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் அவரைத் தனியே விட முடிவதில்லை. அவருடைய கூலி நின்றதோடு, அவரைக் காத்து நிற்பதற்காக மனைவியின் கூலியும் நிற்கிறது. மூளைக் காயத்தின் உண்மையான நஷ்டம் இதுவே. இதை எக்ஸ்ரே படத்தில் காண முடியாது; தழும்பை அளந்தும் அறிய முடியாது. யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதி வைக்காவிட்டால் நீதிமன்றத்தின் கண்ணுக்கு அப்படியொரு நஷ்டம் நேரவே இல்லை. நாம் இன்று கூற வந்த செய்தியின் சாரம் இவ்வளவே.

மருத்துவர்கள் இக்காயத்தின் கடுமையை அளப்பதற்குக் கிளாஸ்கோ அளவு என்ற ஒன்றைக் கையாளுகிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974ஆம் ஆண்டில் வகுத்த முறை அது. கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் இடுவார்கள். எண் 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுங்காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 13 முதல் 15 வரை இலேசானது. முதல் நாள் மருத்துவமனைத் தாளில் இவ்வெண் எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் இவ்வொரு எண்ணே பெரிய சாட்சியாக நிற்கும். எனினும், இலேசான காயம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும், சிறப்பாக முதியவருக்கு, சில வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றி இரத்தம் கட்டித் தலைவலியும் தடுமாற்றமும் காண்பதுண்டு. அப்போது உடனே திரும்ப மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பு நேர்ந்த விபத்தையும் அங்கே கூற வேண்டும்.

ஊரில் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம்

நம் கிராமங்களில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி இங்கே ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டியிருக்கிறது. விபத்து நேர்கிறது. மோதிய வண்டியின் சொந்தக்காரர் பக்கத்து ஊர்க்காரர். சில வேளைகளில் உறவினராகவும் இருப்பார். பெரியவர்கள் கூடுகிறார்கள். "போலீசு, கோர்ட்டு என்று போனால் இரு குடும்பமும் கெடும். ஆஸ்பத்திரிச் செலவை அவர் கொடுத்துவிடட்டும்" என்று முடிவு செய்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்தும் ஆகிறது. இதைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். கை எலும்பு முறிந்தவர் மூன்று மாதத்தில் தேறிவிட்டால் பெரிய கேடு விளையாமற் போகலாம். மூளைக் காயத்திலோ, நஷ்டத்தின் அளவே ஓராண்டு கழித்துத்தான் தெரியவரும். அளவு தெரியாத நஷ்டத்துக்கு முதல் வாரத்திலேயே விலை பேசுவது, கதிர் வெளிவருமுன்னே களத்து நெல்லை விற்பது போன்றது.

"வழக்கென்று போனால் வண்டிக்காரர் குடும்பம் கெடும்" என்ற அச்சமும் முழுதும் சரியன்று. பொதுச் சாலையில் ஓடும் எந்த மோட்டார் வாகனமும் பிறருக்கு நேரும் காயத்துக்காக இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டுமென்பது சட்டம். அந்த இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்து, ஓட்டியவரிடம் உரிய லைசென்சும் இருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கம்பெனியே செலுத்தும். வண்டிக்காரர் தம் வீட்டையோ நிலத்தையோ விற்க வேண்டுவதில்லை. வண்டிக்காரர் ஆண்டுதோறும் பிரிமியம் கட்டிவருவது இந்த ஒரு நாளுக்காகத்தான். ஓட்டியவர் மீது போலீசார் குற்ற வழக்குத் தொடுப்பார்கள் என்பது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அஞ்சி உண்மையை மறைத்தால், கம்பெனி தர வேண்டிய பணம் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. இரு ஏழைக் குடும்பங்கள் தங்களுக்குள்ளே சிறு தொகைக்கு மாரடித்துக்கொள்கின்றன.

இந்த உரிமை புதியதும் அன்று. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டபோது, விபத்து வழக்குகளை விசாரிப்பதற்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்யப்பட்டது. பின்னர் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு 2019இல் செய்யப்பட்ட திருத்தங்களுமே இன்று நம்மை ஆள்கின்றன.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முதற் கடமை உயிரைக் காப்பது. 108க்குத் தொலைபேசியில் சொல்லி ஆம்புலன்சை வரவழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவரின் கழுத்தெலும்பும் முறிந்திருக்கக்கூடும். ஆதலால் அவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடலாகாது. "தூக்கினவன் மேல் கேசு வரும்" என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்கில்லை என்றும், அவர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாதென்றும் காப்பளித்திருக்கிறது.

பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டத்தின்படி, விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்திற் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மத்திய அரசும் 2025 மே மாதத்தில், 7 நாட்கள் வரை, 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டமொன்றை அறிவித்திருக்கிறது.

இரண்டாவது கடமை உண்மையைச் சொல்வது. மருத்துவமனையில் சேர்த்தவுடன், காயம் எவ்வாறு நேர்ந்ததென்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். போலீசுத் தொல்லைக்கு அஞ்சியோ, வண்டிக்காரரின் வேண்டுகோளுக்கு இணங்கியோ, "தானே வண்டியிலிருந்து தவறி விழுந்துவிட்டார்" என்று உடன் வந்தவர் சொல்லிவிடுவதுண்டு. அந்த ஒரு வரி பின்பு மலைபோல் குறுக்கே நிற்கும். எந்த வண்டி, எந்த இடம், எந்த நேரம் என்பவற்றை நடந்தபடியே கூற வேண்டும். அவ்வாறே நடக்காத ஒன்றை நடந்ததாகக் கூறுவதும், மோதாத வண்டியின் எண்ணை எழுதிக் கொடுப்பதும் குற்றமாகும். அது உண்மையாகவே அடிபட்ட மற்றவர்களின் வழக்குகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

மூன்றாவது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுவது. குடும்பத்தார் மருத்துவமனையிலேயே கிடப்பதால் சில நாள் தாமதம் ஏற்படுவது இயற்கை. தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து உண்மையான வழக்கைத் தள்ளிவிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியிருக்கிறது. ஆனாலும் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் குடும்பத்தாரில் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுநாளே காவல் நிலையம் சென்றுவந்தால் அந்தச் சங்கடமே எழாது.

மனு முதலில், மதிப்பீடு பின்னர்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றின் நகல்கள் பாதிக்கப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டியவை, கேட்டு வாங்குங்கள்.

நஷ்ட ஈட்டு மனுவை விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று சட்டத்தின் 166ஆம் பிரிவு கூறுகிறது. இந்த வரையறையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டிருக்கிறது. அதை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமை ஆகாது. அதே சமயம், ஆறு மாதம் கடந்துவிட்டவர்கள் மனமுடைந்து வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். உடனே சட்ட ஆலோசனை பெறுக.

இங்கே மூளைக் காயத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஊனம் எவ்வளவு நிலைத்து நிற்கும் என்பதை மருத்துவர்கள் ஆறு மாதத்துக்குள் உறுதியாகக் கூற இயலாமற் போகலாம். "ஆள் எப்படித் தேறுகிறார் என்று பார்த்துவிட்டு மனுச் செய்யலாம்" என்று குடும்பத்தார் காத்திருப்பார்கள், கெடு கடந்துவிடும். ஆகவே மனுவை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஊனத்தின் அளவைப் பின்னர் மருத்துவக் குழுவின் முன் நிரூபித்துக்கொள்ளலாம்.

மனுவை எங்கே கொடுப்பது? மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. விபத்து வெளி மாவட்டத்தில் நேர்ந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். கையெழுத்திடவும் இயலாத நிலையில் அவர் இருந்தால், அவர் சார்பில் மனைவியோ, தந்தையோ, நெருங்கிய உறவினரோ நின்று வழக்கை நடத்தலாம். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலும் வட்ட நீதிமன்றத்திலும் இதற்கென அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

எவ்வளவு கேட்கலாம்?

மருத்துவச் செலவை மட்டும் கேட்பதோடு நின்றுவிடுவது பெருந்தவறு. இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், வருங்கால மருத்துவச் செலவு, உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, பட்ட வேதனை, இழந்த வாழ்க்கை இன்பம், மணமாகாதவராயின் மணவாழ்வு இழப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி இனமாகும்.

வருங்கால வருமான இழப்பைக் கணக்கிட ஒரு முறை உண்டு. ஆண்டு வருமானத்தை, வயதுக்கு ஏற்ற பெருக்கி எண்ணால் பெருக்குவார்கள். 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திய அட்டவணைப்படி, 21 முதல் 25 வயது வரை 18. 31 முதல் 35 வரை 16. 41 முதல் 45 வரை 14. 56 முதல் 60 வரை 9. வருங்கால உயர்வுக்காக, சொந்தத் தொழில் செய்வோருக்கு 40 வயதுக்குக் கீழ் 40 விழுக்காடு சேர்க்க வேண்டுமென்று 2017இல் அந்நீதிமன்றம் வகுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 வயதுள்ள உழவுத் தொழிலாளி மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 40 விழுக்காடு சேர்த்தால் 16,800, ஆண்டுக்கு 2,01,600, 16 ஆல் பெருக்கினால் 32,25,600 ரூபாய். அவருடைய உழைப்புத் திறன் முழுதும் போய்விட்டதென நிரூபித்தால் இத்தொகை. 30 விழுக்காடுதான் போயிற்று என்று முடிவானால் 9,67,680. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 22 லட்சத்துக்கும் மேல். அந்த வேறுபாடு முழுதும், அவர் நிலையைப் பற்றித் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்படும் சாட்சியத்தைப் பொறுத்தது.

இது வெறுங் கணக்கன்று என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்வோம். 2007ஆம் ஆண்டு அக்டோபரில், வட இந்தியாவில் 12 வயதுச் சிறுமியொருத்தி பெற்றோருடன் டிராக்டரில் சென்றுகொண்டிருந்தாள். லாரி ஒன்று மோதியது. மூளைக் காயத்தால் அவளுடைய அறிவு நிலை ஒன்பது மாதக் குழந்தையின் நிலைக்கு இறங்கிற்று. தீர்ப்பாயம் 11 லட்சத்துச் சொச்சம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சத்துச் சொச்சமாக உயர்த்தியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 62,27,000 ரூபாயாக்கி, ஆண்டுக்கு 7½ விழுக்காடு வட்டியும் சேர்த்துக் கொடுக்க உத்தரவிட்டது. அதில் உதவியாளர் செலவு மட்டும் 21,60,000 ரூபாய். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், பெருக்கி 18. ஆகவே, "வீட்டிலே மனைவி பார்த்துக்கொள்கிறாள், அதற்கென்ன செலவு?" என்று யாரும் எண்ண வேண்டாம். அல்லும் பகலும் அவள் செய்வதும் உழைப்பு. அவள் விட்டுவிட்ட கூலி வேலையும் நஷ்டம். மனுவில் அதையும் எழுத வேண்டும்.

ஊர் சொல்லும் சாட்சியம்

உடலின் ஊனம் வேறு, உழைப்புத் திறனின் இழப்பு வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் தெளிவாக்கியது. இடக்கை போனால், ஒரு தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடுகிறது; அரசு அலுவலக எழுத்தர் தம் வேலையைத் தொடரலாம். ஊன விழுக்காடு ஒன்றேயாயினும் நஷ்டம் ஒன்றன்று. மூளைக் காயத்துக்கு இக்கருத்து இன்னும் ஆழமாகப் பொருந்தும். சான்றிதழில் 30 என்று இருக்கலாம். ஆனால் வலிப்பு வரும் மனிதரை யார் மரமேற அழைப்பார்? திசை மறப்பவரிடம் யார் டிராக்டரைக் கொடுப்பார்? எனவே மருத்துவக் குழுவின் முன் செல்லும்போது கை கால்களைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், மறதி, கோபம், வலிப்பு, கணக்குத் தடுமாற்றம் ஆகியவற்றையும் குடும்பத்தார் எடுத்துச் சொல்லி, நினைவையும் கவனத்தையும் அளக்கும் உளவியற் சோதனை செய்யும்படி கேட்க வேண்டும்.

வருமானத்துக்கு ரசீது ஏது என்று உழவரும் கூலிக்காரரும் கேட்பார்கள். பெங்களூரில் கூலி வேலை செய்த ஒருவர் 2004ஆம் ஆண்டு விபத்தில் அடிபட்டார். மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகக் கூறினார். கையில் ஆதாரம் இல்லை. தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், உழைக்கும் ஏழையிடம் ஆவணத்தை எதிர்பார்க்க இயலாது என்று கூறி 4,500ஐயே ஏற்றுக்கொண்டது. இருப்பினும் பட்டா, சிட்டா, அடங்கல், பால் கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகம், விளைபொருள் விற்ற சீட்டு, வங்கிக் கணக்கு என எது இருந்தாலும் சேர்த்துக் கொடுப்பது வழக்குக்கு வலு.

ஊராட்சியின் பங்கு இங்கேதான் பெரிது. அந்த மனிதர் விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், எத்தனை நாள் செய்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதை ஊரைவிட நன்கறிந்தவர் யார்? அவருக்குக் கூலி கொடுத்த நிலக்காரரும், பக்கத்து வீட்டுக்காரரும், ஊராட்சி உறுப்பினரும் நீதிமன்றம் வந்து தாம் கண்டதைக் கூற முன்வர வேண்டும்.

குடும்பத்தாருக்கு நாம் கூறும் யோசனை மிக எளியது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். என்றைக்கு வலிப்பு வந்தது, என்றைக்கு வழி தவறிப் போனார், எந்த மருத்துவமனைக்கு எதிற் சென்றீர்கள், வாடகை எவ்வளவு, உடனிருந்தவர் யார், அன்று அவர் இழந்த கூலி எவ்வளவு என்பவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். பள்ளியிற் படிக்கும் பிள்ளை எழுதினாலும் போதும். மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், மருத்துவமனையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த தாள், காயச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு ஓரிடத்தில் வையுங்கள்.

வண்டி தெரியாவிட்டால்

மோதிய வண்டி நிற்காமல் ஓடி, இன்னதென்று தெரியாமற் போனாலும் ஓரளவு உதவி உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், மரணத்துக்கு 2,00,000 ரூபாயும் தரப்படுகின்றன. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெறும் வழி 164ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை தேவை. இப்பிரிவின்படி கம்பெனி முன்வந்து தரும் தொகையை ஒப்புக்கொண்டு பெற்றுவிட்டால், பெருந்தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுத்த மனு அற்றுப்போகும். வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டியவருக்கு இத்தொகை எம்மட்டில் போதும் என்பதை வழக்கறிஞரோடு ஆராய்ந்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

வண்டி வைத்திருக்கும் உழவர்களுக்கும் ஒரு சொல். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் தொகை முழுதும் வண்டிக்காரர் தலையில் விழும்; அவர் நிலமே ஜப்திக்கு வரலாம். டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் அமர்வதற்கான வண்டி. மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், கம்பெனி பொறுப்பை மறுக்க இடமுண்டு. இரு சக்கர வண்டியில் ஹெல்மெட் அணியாமற் செல்வது உயிருக்கு ஆபத்து என்பதோடு, நஷ்ட ஈட்டைக் குறைப்பதற்கும் எதிர்த்தரப்பாருக்கு ஒரு வாதமாகும்.

சாலையிலன்றி வேலையிடத்தில், கட்டடத்திலிருந்து விழுந்தோ இயந்திரத்தில் அடிபட்டோ தலையிற் காயமுற்றவருக்கு வழி வேறு. முன்பு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அங்கே பொறுப்பு வேலை கொடுத்தவருடையது.

கிடைக்கும் பணத்தைக் காப்பது

மருத்துவமனை வாயிலிலேயே வந்து நின்று, "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இந்த வெற்றுத் தாளில் கைநாட்டு வையுங்கள்" என்று கூறும் தரகர்களிடம் விழிப்பாக இருங்கள். எழுதாத தாளில் எவரும் கையெழுத்திடலாகாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்வது நல்ல வழியே. விரைவில் பணம் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்ற தொகைக்கு மேல் அப்பீல் இல்லை. ஆதலால் ஊனத்தின் அளவு மருத்துவரால் உறுதி செய்யப்பட்ட பின்னரே, தலைக்காய வழக்கைச் சமரசத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவருக்குக் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதியைத் தேசிய வங்கியில் வைப்புத் தொகையாக இடும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. "எங்கள் பணத்தை எங்களிடம் தரவில்லையே" என்று இதைக் குறைகூற வேண்டாம். ஒரே நாளில் கைக்கு வந்த பெருந்தொகை உறவினர் கடனாகவும் வீண் செலவாகவும் கரைந்து போவதை நாம் காணாமலில்லை. மாதந்தோறும் வரும் வட்டி, அவருடைய மருந்துக்கும் சோற்றுக்கும் ஆயுள் உள்ளவரை நிற்கும் வேலி. சிகிச்சைக்கு அவசரத் தேவை வந்தால் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இதையன்றி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை பெற்று, அதன் வழியாக வரும் அரசு உதவிகளுக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஊராட்சிகள் செய்ய வேண்டியவை

பெரியோர்களே! உங்களிடம் நாம் கேட்பவை நான்கு. ஒன்று, மூளைக் காயம் பட்ட எந்த விபத்தையும் ஊரில் பேசி முடிப்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். இரண்டு, 108, 15100 என்னும் எண்களையும், "ஆறு மாதத்துக்குள் மனு" என்ற வாசகத்தையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று, விபத்து நேர்ந்த குடும்பத்துக்கு உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காவல் நிலையத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் சட்ட உதவி அலுவலகத்துக்கும் அவர் உடன் செல்லட்டும். நான்கு, கண்டதைக் கண்டபடி சாட்சி சொல்ல முன்வாருங்கள்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பார்கள். மூளையில் அடிபட்டவரோ தம் நஷ்டத்தைச் சொல்லி அழவும் அறியாதவர். சில வேளைகளில் தமக்கு நஷ்டம் நேர்ந்திருப்பதையே உணராதவர். அவருக்காகப் பேச வேண்டியது அவர் குடும்பம். பேசத் தெரியாத குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டியது ஊர். பணத்தால் அவருடைய பழைய அறிவைத் திரும்ப வாங்க இயலாது. அவர் பிள்ளைகளின் படிப்பையும், மனைவியின் மானத்தையும், அவருடைய ஒருவேளைச் சோற்றையும் அது காப்பாற்றும். அவ்வளவையும் பெற்றுத் தருவது உங்கள் கையில் இருக்கிறது.